மதுரை வெயிலில் தேன்மெழுகு ஓவியம்: முதல் பலகையை முடிக்க ஒரு வழிகாட்டி

மெழுகு ஓவியத்துக்குப் பொருள் வேண்டும் என்று மதுரைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிரேயான் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். நான் கேட்ட எல்லாக் கடையிலும் அதுதான் நடந்தது. இணையத்தில் தேடினால் வேறு சிக்கல்: அங்கே உள்ள செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் சொன்ன அளவை அப்படியே பின்பற்றி நான் செய்த முதல் மூன்று பலகைகளும் சித்திரை மாதத்தில் மொட்டைமாடி அறையின் சுவரிலேயே இளகி வழிந்தன.

இங்கே நான் சொல்வது என்காஸ்டிக் என்ற முறை. உருக்கிய தேன்மெழுகில் குங்கிலியமும் நிறப்பொடியும் கலந்து மரப்பலகைமேல் பூசவேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் சூடு காட்டி, கீழ் அடுக்கோடு இளகி ஒட்டவைக்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே உலர்ந்த இலை, மெல்லிய காகிதம், நகலெடுத்த படம் எதையும் புதைக்கலாம். வீட்டுக் கொல்லையின் அணில், ஓணான், எருக்கஞ்செடிப் புழு, கண்மாய்க்கரைப் பறவை இவற்றை வரைய இதைவிடப் பொருத்தமான ஊடகம் எனக்குக் கிடைக்கவில்லை. பாதி தெரிந்து பாதி மறையும் அந்த மங்கல் தேன்மெழுகுக்கே உரியது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்

மார்கழி, தை, மாசி மூன்றும் நல்ல மாதங்கள். பங்குனி பிறந்துவிட்டால் பூசிய அடுக்கு இறுக நேரம் பிடிக்கும், அறைக்குள் ஹீட் கன் என்ற சூட்டுக்காற்றுக் கருவியோடு நிற்கவும் முடியாது. ஐப்பசி மழையில் ஒட்டுப்பலகை ஈரம் குடித்து வளைந்துகொள்ளும். கோடையில்தான் நேரம் கிடைக்கும் என்றால் விடியற்காலை ஐந்து முதல் எட்டு மணிவரை வேலை செய்யுங்கள்.

முதல் பலகைக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். அதில் வேலை இரண்டு நாள்தான். மீதி நாளெல்லாம் இலை காய்வதற்கு.

2. தேன்மெழுகு

ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். மெழுகுவர்த்திக்கான பாரஃபினுக்கு மஞ்சள் சாயம் ஏற்றித் தேன்மெழுகு என்று விற்கிறார்கள். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார்கள்.

ஒரு சிறு துண்டை உள்ளங்கையில் வைத்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். தேன்மெழுகு இளகிக் களிமண்போல வளையும், தேன் வாசம் வரும். பாரஃபின் வழவழவென்று நொறுங்கும், வாசமும் இருக்காது. உருகும் சூட்டிலும் வேறுபாடு உண்டு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். பாரஃபின் வகைக்கு வகை மாறும், பல வகைகள் இதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும்.

தேனீ வளர்ப்பவரிடம் நேரடியாக வாங்குவது நல்லது. கொடைக்கானல் மலைப்பக்கம் தேன் எடுப்பவர்களைத் தெரிந்தால் சொல்லி வையுங்கள். அடையைப் பிழிந்த மெழுகில் தேன் ஒட்டியிருக்கும். அதைத் தண்ணீரில் போட்டு உருக்கி, ஆறவிட்டு, மேலே மிதந்து இறுகும் தட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் திறந்த மாடியில் செய்தால் அரைமணி நேரத்தில் தேனீக்கள் உறவு கொண்டாடிக்கொண்டு வந்துவிடும், பின்னாலேயே எறும்பு வரும். கொஞ்சம் இருட்டிய பிறகு செய்யுங்கள்.

ஓர் அடிக்கு ஓர் அடிப் பலகைக்குச் சுமார் 200 கிராம் மெழுகு போகும். ஒரு கிலோ வாங்கினால் நான்கைந்து பலகை செய்யலாம்.

3. குங்கிலியம்

ஆங்கிலச் செய்முறைகளில் டாமர் என்று ஒரு பிசின் வரும். அதை இணையத்தில் வரவழைத்து அதிக விலை கொடுக்காதீர்கள். கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைக் குங்கிலியம் என்று கேளுங்கள். அந்தக் குடும்பத்துப் பிசின்தான், வேலைக்குப் போதும். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்ப்பதற்கு முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்களே, அந்த மெழுகிலும் குங்கிலியம் கலப்பு உண்டு. நம் ஊருக்குப் புதிய சேர்க்கை இல்லை.

மூன்று எச்சரிக்கை. சாம்பிராணி வேறு, குங்கிலியம் வேறு. கறுப்புக் குங்கிலியம் வேண்டாம், ஓவியத்தின் நிறத்தையே கெடுத்துவிடும். பொடியாக வாங்காதீர்கள், கட்டியாக வாங்கி நீங்களே இடியுங்கள். பொடியில் என்ன கலந்திருக்கும் என்பது கடைக்காரருக்கே தெரியாது.

4. மின்சாரமும் அடுப்பும்

கேஸ் அடுப்பில் மெழுகு வைக்கவே கூடாது. ஒற்றைச் சுருள் மின்சார அடுப்பு ஒன்று வாங்கி, அதன்மேல் பழைய இரும்புத் தோசைக்கல்லை ஏற்றுங்கள். கனமான கல் சூட்டைச் சீராகப் பரப்பும். கல்மேல் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களை வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் என்று வண்ணத்தட்டு தயார். அந்தக் கல்லில் அதற்குப்பின் தோசை கிடையாது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயிண்ட் உரிக்க உதவும் ஹீட் கன், அடுக்குகளை இளக்கி ஒட்டவைக்கத் தேவை. அடுப்பு, ஹீட் கன் இவை ஒவ்வொன்றும் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். வீட்டுச் சுவரின் சாதாரண 5 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. நான் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினேன். பத்து நிமிடத்தில் மெழுகுக்கு முன் பெட்டி உருகியது. மிக்ஸியும் கிரைண்டரும் ஒன்றாக ஓடாத வீட்டில் இதுவும் ஓடாது. 15 ஆம்பியர் பிளக்கில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் வெப்பமானி. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி உதவாது. அது காய்ச்சல் சூட்டுக்கு மேல் காட்டாது. தொழிற்சாலைகளில் புழங்கும் அகச்சிவப்பு வெப்பமானி கேளுங்கள். அதையும் பளபளக்கும் பாத்திரத்தின் விளிம்பில் காட்டிப் படிக்காதீர்கள், உண்மைச் சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். மெழுகின் மேற்பரப்புக்கு நேரே பிடியுங்கள்.

5. புகை, தீ

நினைவில் வைக்க வேண்டிய எண் 93. மெழுகு 93 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 80 முதல் 90 வரை இருந்தால் தூரிகை நன்றாக ஓடும். அதற்குமேல் போனால் கண்ணும் தொண்டையும் எரியும் புகை கிளம்பும். புகை கண்ணில் தெரிகிறது என்றாலே சூடு எப்போதோ எல்லை மீறிவிட்டது என்று பொருள். என்-95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. ஒரு சன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், எதிர்ப்பக்கக் கதவு திறந்திருக்கட்டும். மின்விசிறி தலைக்குமேல் ஓடினால் புகையை அறைக்குள்ளேயே சுற்றவிடும், மெழுகையும் நேரத்துக்கு முன்பே ஆற்றிவிடும். அதை நிறுத்திவிடுங்கள்.

மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்ட கதைதான், தீ கூரைவரை எழும்பும். பாத்திரத்தின் வாயைவிடப் பெரிய மூடி ஒன்று கையெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும். அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு மூடுங்கள்.

6. கலவை காய்ச்சுவது

குளிர்நாட்டுச் செய்முறையில் எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம், எடைக் கணக்கில். என் மூன்று பலகைகள் வழிந்தது இந்த அளவால்தான் என்று நினைக்கிறேன். இப்போது ஆறுக்கு ஒன்று போடுகிறேன். 600 கிராம் மெழுகுக்கு 100 கிராம் குங்கிலியம். கலவை கெட்டியாகிறது, ஆனால் பலகை கீழே விழுந்தால் ஓரம் தெறிக்கும். ஐந்துக்கு ஒன்றும் முயன்றேன், விரல் நகம் பட்டாலே சில்லாகப் பெயர்ந்தது. அதனால் ஆறிலேயே நின்றுவிட்டேன்.

குங்கிலியம் இளக 110 டிகிரிக்குப் பக்கம் சூடு வேண்டும். 93 என்ற கட்டுப்பாட்டை மீறுவது இந்த ஒரு தடவை மட்டும். அதனால் இதை அறைக்குள் செய்யாதீர்கள், மாடியில் காற்று முதுகில் படும்படி நின்று செய்யுங்கள். முதலில் மெழுகை உருக்கி, இடித்த குங்கிலியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அடியில் பட்டையும் மண்ணும் தங்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பழைய இட்லித் தட்டில் ஊற்றுங்கள். ஆறியதும் சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்தால் இட்லி இட்லியாகக் கழன்று வரும். என்னிடம் ஒரு மெழுகு இட்லி சுமார் 40 கிராம். அளவு பார்த்துச் சேர்க்க இது வசதி.

மிச்ச மெழுகைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் உடைக்காமல் எடுக்க முடியாது.

7. பலகை, தூரிகை, நிறம்

கேன்வாஸ் வேண்டாம், வளைந்தால் மெழுகு வெடிக்கும். மரக்கடையில் 12 மி.மீ. ஒட்டுப்பலகையின் துண்டுகளைச் சகாய விலைக்குக் கொடுப்பார்கள். பிரைமர் அடிக்காதீர்கள். அக்ரிலிக் பிரைமர் பிளாஸ்டிக் தோல்போல மூடிக்கொள்ளும், மெழுகு மரத்துக்குள் இறங்காமல் பிறகு தகடாகப் பெயரும்.

நைலான் தூரிகை சூட்டில் சுருண்டு போகும். பன்றி முடித் தூரிகை வாங்குங்கள். கழுவ வேண்டியதில்லை, நிறத்துக்கு ஒன்றாக அப்படியே இறுகவிட்டு, மறுநாள் கல்மேல் வைத்தால் இளகிவிடும்.

நிறத்துக்கு ஹார்ட்வேர் கடையில் தரைக்குப் போடும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆக்சைடு பொடிகளே போதும். வெயிலில் வெளுக்காது. செம்மண்ணைச் சலித்தும் சேர்க்கலாம். வண்ணக் கோலப்பொடி, குங்குமம், மஞ்சள்தூள் மூன்றும் வேண்டாம். கோலப்பொடி அடியில் மணலாகத் தங்கும், மற்றவை சில மாதங்களில் வெளிறும். செந்தூரத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, கிட்டவே கொண்டுவராதீர்கள். பொடி கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். பச்சையும் நீலமும் வேண்டுமென்றால் ஆயில் கலர் டியூபைப் பிதுக்கி ஓர் இரவு செய்தித்தாளில் வைத்து எண்ணெயை இழுக்கவிட்டுப் பிறகு கலக்குங்கள். தண்ணீரில் கரையும் நிறம் எதுவும் மெழுகோடு சேராது.

எனக்கு ஆன செலவு: மெழுகு ஒரு கிலோ ரூ.700, குங்கிலியம் ரூ.150, மின்சார அடுப்பு ரூ.1,000, ஹீட் கன் ரூ.1,300, வெப்பமானி ரூ.900, பலகைத் துண்டுகள் ரூ.200, தூரிகைகள் ரூ.300, ஆக்சைடு பொடிகள் ரூ.150. கூட்டினால் ரூ.4,700. ஏமாந்து வாங்கிய பாரஃபினையும் உருகிப்போன எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் இதில் சேர்க்கவில்லை.

8. எதைப் புதைக்கலாம், எதைத் தொடக்கூடாது

என் நான்காவது பலகையில் தூக்கணாங்குருவிக் கூட்டின் ஒரு பகுதியைப் பதித்திருந்தேன். காற்றில் விழுந்து கிடந்தது. ஒரு சிறு கண்காட்சியில் வைத்தபோது பார்வையாளர் ஒருவர், "இது எங்க எடுத்தது? குஞ்சு இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால் காட்டுவதற்கு என் கையில் எதுவும் இல்லை. அன்றே பலகையைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். அட்டவணையில் உள்ள விலங்கின் உடல் பகுதியை வைத்திருப்பதும் குற்றமாகலாம். அந்த அட்டவணையில் சில வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. தானாக உதிர்ந்த மயில் தோகைக்கு உள்நாட்டில் விலக்கு இருக்கிறது, ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நான் தோகையையும் விட்டுவிட்டேன். அதற்குச் சட்டம் காரணமில்லை. ஹீட் கன் பட்டதும் தோகை சுருண்டு, கீழ்வீட்டு அக்கா, "என்ன தம்பி, முடி கருகுற வாசம் வருது?" என்று படியேறி வந்துவிட்டார்.

என் கணக்கு எளிது: பறவை, ஊர்வன, வண்ணத்துப்பூச்சி எல்லாம் வரைந்து மட்டும். புதைப்பது செடியும் மண்ணும், கூடவே ஒரே ஒரு பூச்சி.

அந்தப் பூச்சி ஈசல். முதல் மழை பெய்த மறுநாள் காலை தெருவிளக்குக்கு அடியில் பாருங்கள். சிறகுகளைத் தானே உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். குவியலாகக் கிடக்கும். காற்றில்லாத மூலையில் மெல்லக் கூட்டி அள்ளி, இரண்டு நாள் நிழலில் காயவைத்துத் தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். மெழுகுக்கு நடுவே ஈசல் சிறகு கிட்டத்தட்ட மறைந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் நரம்பு மின்னும். நான் பதித்த பொருள்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் மழைக்குக் காத்திருக்க வேண்டும், ஒரு வருடத்துக்கானதை ஒரே காலையில் சேர்த்துவிட வேண்டும்.

அடுத்து, சுவரிலுள்ள குளவி மண்கூடு. வெளியே வந்த துளை தெரிந்தால் குளவி போய்விட்டது. துளை இல்லாததைத் தொடாதீர்கள், உள்ளே புழு வளர்கிறது.

அரச இலையைத் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறவிட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். நாற்றம் தாங்காது, வாளியை மாடியில் வையுங்கள். மற்ற இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே அடுக்கி மேலே கனம் ஏற்றி இரண்டு வாரம் விடுங்கள். மடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் மெழுகுக்குள் குமிழி வரும், பிறகு பூஞ்சை பிடிக்கும். என் கறிவேப்பிலை ஒன்று ஆறு மாதத்தில் உள்ளேயே கறுத்துப்போனது.

9. பலகையில் ஏற்றுவது

பலகையை லேசாகச் சூடாக்குங்கள். நிறமில்லாத மெழுகை இரண்டு கை பூசி, ஹீட் கன்னை ஒரு சாண் உயரத்தில் பிடித்து நகர்த்துங்கள். மேற்பரப்பு ஈரம்போல மினுங்கியதும் நகர்ந்துவிட வேண்டும். நின்றால் மெழுகு ஓடி இலையையும் தள்ளிக்கொண்டு போகும். எந்த அடுக்கையும் இப்படி இளக்காமல் விடாதீர்கள். விட்டால் ஒரு கோடையில் அந்த அடுக்கு மட்டும் தனியே உரிந்து வரும்.

படம் வரைய வராதே என்று கவலைப்படாதீர்கள். நீங்கள் எடுத்த அணில் படத்தை ஜெராக்ஸ் கடையில் லேசர் நகல் எடுங்கள். இங்க்ஜெட் நகல் உதவாது. ஆறிய மெழுகின்மேல் நகலைக் கவிழ்த்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். பிறகு காகிதத்தை ஈரமாக்கி விரலால் உருட்டி எடுத்தால் கறுப்பு மை மட்டும் மெழுகில் நிற்கும். படம் இடவலம் மாறி விழும். எழுத்து இருந்தால் கடையிலேயே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

மெல்லிய கோடுகளுக்குக் கோணி ஊசி. இறுகிய மெழுகில் கீறி, கீறலில் கறுப்பு ஆயில் கலரைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் கோட்டில் மட்டும் நிறம் தங்கும். நாரைக் கால், நாணல், எருக்கின் நரம்பு எல்லாம் இப்படித்தான்.

அடுக்குகள் எட்டைத் தாண்டினால் அடியில் உள்ளது மூழ்கிவிடும். தொடக்கத்தில் ஐந்தே போதும்.

10. களம், காகிதங்கள்

பார்த்து வரையப் போகும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 193 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 250 பறவை இனங்கள் உண்டு. அங்கிருந்து காய்ந்த இலைகூட எடுக்காதீர்கள், குறிப்பேடு மட்டும் போதும். பாறையின் சொரசொரப்பைக் காகிதத்தில் தேய்த்தெடுக்க ஆசை வரும். கல்வெட்டும் சமணர் படுகையும் உள்ள மலை அது, பாறையில் கை வைக்க வேண்டாம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்குக் கார்த்திகைக்குமேல் போகலாம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது. ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அழகர்மலைபோன்ற காப்புக்காட்டுக்குள் நுழைய மாவட்ட வன அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எந்த நாள், எத்தனை பேர், என்ன நோக்கம் என்று ஒரு கடிதம், ஆதார் நகல் இரண்டும் கொடுங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்குங்கள். ஒரு தடவை நான் முத்திரை வாங்காமல் வந்து, அதே கடிதத்தை மூன்று தடவை எழுதினேன்.

இன்னொரு காகிதம் உங்களுடையது. பலகைக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த இலை, எந்தத் தேதி, யாருடைய கொல்லை, மெழுகு வாங்கிய பில் எல்லாம் அதில் இருக்கட்டும். பொருள் கிடந்த இடத்திலேயே படமெடுத்து ஒட்டுங்கள். குருவிக்கூடு பற்றி அன்று அவர் கேட்டபோது இந்த நோட்டு என்னிடம் இல்லை.

11. மாட்டுவது, அனுப்புவது

மேற்குச் சுவர் வேண்டாம், பூஜை விளக்குக்கு மேலும் வேண்டாம். கண்ணாடி போடுவதானால் மெழுகைத் தொடாமல் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். மார்கழிக் குளிரில் மேலே வெள்ளைப் படலம் பூக்கும். பூஞ்சை என்று பயந்து சுரண்டாதீர்கள். மெழுகின் இயல்பு அது. துவைத்துத் துவைத்து மெலிந்த சுங்குடிச் சேலைத் துண்டால் வட்டமாகத் துடைத்தால் பளபளப்பு திரும்பிவிடும்.

அனுப்பும்போது முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் அட்டை, அதற்குப் பிறகுதான் குமிழி உறை. குமிழி நேரே மெழுகில் பட்டால் ஓணான் முதுகெல்லாம் வட்டத் தழும்பாகும். பங்குனியிலிருந்து ஆடிவரை கூரியரில் போடாதீர்கள், பகலெல்லாம் வேன் வெயிலில் நிற்கும். அவசரமென்றால் இரவு ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டு, விடிவதற்குள் ஆளை நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியின்மேல் "வெயிலில் வைக்காதீர்" என்று பெரிதாக எழுதுங்கள். "உடையும் பொருள்" என்று மட்டும் எழுதிய என் பெட்டியைப் பத்திரமாகத்தான் இறக்கினார்கள், இறக்கி வைத்தது நடு வெயிலில்.